பத்திரமாக வைத்த பொருள்தான் கிடைக்காது

எனக்கு 69 வயது. மயிலாடுதுறையில் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்தில் மனப்பாடம் செய்த பின்கோடு எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காலையில் பால்காரருக்குப் பணம் கொடுத்தேனா என்பதற்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இதற்காகப் பயப்பட வேண்டாம். சுமார் 10 வயதிலிருந்து 30 வரை நடந்தவை பலருக்கும் அழியாமல் நிற்கும். வயதான பின் புதியவை பதிவதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு கேட்கும். அந்தக் கவனிப்பை எப்படிக் கொடுப்பது என்றுதான் எழுதுகிறேன்.

மறந்துவிட்டது என்று நாம் சொல்பவற்றில் பல, மனதில் ஏறவே இல்லாதவை. சிலிண்டரைக் கை பழக்கத்தில் மூடிவிடும், மனது வாசலில் நிற்கும் காய்கறி வண்டியில் இருக்கும். அதனால் மூடும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சிலிண்டர் மூடியாச்சு, மணி ஒன்பதரை." மணியைச் சேர்த்துச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் நேற்று மூடியதும் இன்று மூடியதும் ஒன்றாகக் கலந்துவிடும்.

சாவி, மூக்குக் கண்ணாடி, பாஸ்புக் மூன்றுக்கும் நிரந்தர இடம் வேண்டும். எங்கள் வீட்டில் சாவிக்கு நிலைப்படி அருகே ஓர் ஆணி. ஊருக்குப் போகும்போது "பத்திரமா இருக்கட்டும்" என்று புது இடத்தில் ஒளித்து வைப்பதுதான் வினை. அப்படி வைத்தே ஆக வேண்டுமென்றால் காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதிவிடுங்கள், அல்லது மகளுக்கு ஒரு போன்.

மாத்திரை விஷயத்தில் விளையாட்டே கூடாது. கிழமை எழுதிய, காலை இரவு என்று தனித்தனி அறைகள் உள்ள டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும். ஞாயிறு மாலை வெளிச்சம் இருக்கும்போதே வாரம் முழுவதற்கும் நிரப்பிவிடுங்கள். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று, அவ்வளவுதான். டப்பா இல்லாமல், போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று போடாதீர்கள். சில சர்க்கரை மாத்திரைகளை இரண்டு தடவை போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் மறந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். எந்த ஊர், யார் வீட்டுச் சம்பந்தம் என்று பேச்சைக் கொண்டுபோனால் தானாக வந்துவிடும். புதுப் பெயரென்றால், அதே பெயருள்ள பழைய ஆள் ஒருவரோடு முடிந்து வைப்பேன். எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண்ணுக்கு என் பக்கத்துக் கவுண்டரில் இருந்த தோழியின் பெயர். அது மறக்காது.

ஆனால் பழகிய தெருவிலேயே வழி தடுமாறினால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், சில்லறை எண்ணத் திணறினால், வயசாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சிலவகைச் சளி மாத்திரைகள்கூட மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். காது மந்தமானவருக்குச் சொன்னது விழாமலே இருக்கலாம். திடீரென்று ஒரே நாளில் குழப்பமாகப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு, மூத்த குடிமக்களுக்கான 14567 எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. வீட்டுப் பெரியவரிடம் "ஞாபகம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை. என் வீட்டுக்காரர் தந்தி ஆபீசில் இருந்தவர். அப்படிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார். "முகூர்த்த நாள்ல எப்படிங்க சமாளிச்சீங்க?" என்றால் போதும். கல்யாண வாழ்த்துக்கு எண் 8, அந்த எண்ணை மட்டும் அனுப்பினால் போய்ச் சேரும் ஊரில் முழு வாக்கியமாக எழுதித் தருவார்கள் என்று ஆரம்பிப்பார். பேசப் பேச வலது கை விரல் மேசையில் தந்தி அனுப்பும் மோர்ஸ் குறிகளைத் தட்டும், சில எழுத்துக்கு நிறுத்தி, சிலதுக்குச் சடசடவென்று. 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது; அந்த விரலுக்கு நிற்கவில்லை. இப்படிப் பேசிய நாளின் சாயங்காலம் அவர் முகமே தெளிவாக இருக்கும்.

கேள்வியைவிடப் பொருள் நன்றாக வேலை செய்யும். பழைய வெற்றிலைப் பெட்டி, கல்யாணப் புடவை, வேப்பம்பூ வறுக்கும் வாசனை, எதையாவது கொடுத்துவிட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். வருஷம் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், பேச்சு அறுந்துவிடும். போட்டோவின் பின்னால் பென்சிலால், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள்; பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். போனில் பதிவு செய்வதென்றால் ஃபேனை நிறுத்திவிடுங்கள், குரல் தெளிவாகக் கேட்கும். பதிவுக்கு யார், எதைப் பற்றி என்று அன்றைக்கே பெயர் வையுங்கள், வெறும் எண்ணாகக் கிடந்தால் பேரப்பிள்ளைகளால் தேடி எடுக்க முடியாது.