சபையில் அதிகாரம் அளவு மீறுகிறதா? பார்க்க வேண்டியவை

நான் ஆவிக்குரிய (பெந்தெகொஸ்தே) சபையில் வளர்ந்தவள். இன்றைக்கும் அந்நியபாஷையில் ஜெபிக்கிறேன், கை வைத்து ஜெபித்தால் சுகம் கிடைக்கும் என்றும் நம்புகிறேன். திருகோணமலையில் பல வருடமாகச் சபைக் கணக்குப் பார்க்கிறவள் என்பதால், வெளியே கேட்கப் பயப்படுகிற கேள்விகளோடு இளம் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், ‘கவரிங்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்டருக்குக் கீழ்ப்படிந்திருந்தால்தான் தேவ பாதுகாப்பு, அவரை விட்டால் பிசாசுக்கு வாசல் திறந்துவிடும் என்பதுதான் அந்தப் பேச்சு. ஆதிச் சபையிலிருந்தே வந்ததுபோலச் சொல்வார்கள். ஆனால் அதன் வேர் கிட்டத்தில்தான் இருக்கிறது. 1948ல் கனடாவின் நோர்த் பாட்டில்ஃபோர்டில் ‘பின்மாரி’ எழுப்புதல் தொடங்கியது. அப்போஸ்தலர்களையும் தீர்க்கதரிசிகளையும் தேவன் சபைக்குத் திரும்பவும் தருகிறார் என்றார்கள்; ஆளாளுக்குத் தனித்தனியே தீர்க்கதரிசனமும் சொன்னார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவின் பெரிய பெந்தெகொஸ்தே சபை அமைப்பான அசெம்பிளீஸ் ஒஃப் கோட் அதை ஏற்க மறுத்தது.

பிறகு 1970ல் ஃபுளோரிடாவில் டெரிக் பிரின்ஸ், பாப் மம்ஃபோர்ட், சார்ல்ஸ் சிம்ப்சன், டொன் பாஷம் என்ற நான்கு போதகர்கள் கைகோத்தார்கள். ஏர்ன் பாக்ஸ்டர் பின்னால் சேர்ந்தார். ஓர் ஊழியத் தலைவர் ஒழுக்கத்தில் விழுந்ததைக் கண்டு, இனி ஒருவருக்கொருவர் பொறுப்புச் சொல்வோம் என்றுதான் சேர்ந்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் சில வருடத்துக்குள் விசுவாசிக்கு ஒரு மேய்ப்பன், அந்த மேய்ப்பனுக்கு மேல் இன்னொரு மேய்ப்பன் என்று ஆகிவிட்டது. கலியாணமா, வேலையா, வீடு மாறுவதா, எல்லாம் மேய்ப்பனைக் கேட்டுத்தான். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகமும் அவர் கைக்கே. கீழே இருப்பவன் மேலே பொறுப்புச் சொன்னான். மேலே இருப்பவர் கீழே எதுவும் சொல்லத் தேவையில்லை என்றாயிற்று. 1975ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன் இதைப் பகிரங்கமாக எதிர்த்தார். 1989ல் மம்ஃபோர்டே மன்னிப்புக் கேட்டார். தொடங்கியவர்களில் ஒருவரே தவறு என்று சொன்னதை எங்கள் பிள்ளைகளுக்கு வேதமாகப் படிப்பிப்பது என்னால் பொறுக்க முடியாத விஷயம்.

அடுத்தது, வசனத்தை முழு அதிகாரத்தோடு வாசியுங்கள். உப்புவெளியில் ஒரு வீட்டு ஜெபம் முடிந்து செருப்புப் போடும்போது ஒரு தங்கச்சி கேட்டாள்: “அக்கா, கொழும்பில வேலை கிடைச்சிருக்கு. போனா அபிஷேகம் பண்ணப்பட்டவருக்கு விரோதமாப் போறன் எண்டு சொல்லுகினம். சாபம் வருமா?” பாஸ்டரைத்தான் அப்படி ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்’ என்பார்கள். வாசல்படியிலேயே இருந்து சங்கீதம் 105ஐத் திறந்தோம். “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்” என்பது 15ம் வசனம். 12ம் வசனத்திலிருந்து அவளையே வாசிக்கச் சொன்னேன். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் காணி பூமியில்லாமல் தேசம் தேசமாக அலைந்த ஒரு சிறு கூட்டம். ‘தொடாதே’ என்ற கட்டளை ராஜாக்களுக்கு. பலமில்லாதவர்களைக் காக்க வந்த வசனத்தை, பலமுள்ளவர் தன்னைக் காக்க எடுத்துக்கொள்கிறார். அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு, “அப்ப இது என்னைப் பற்றின வசனமா?” என்றாள். ஆம் என்றேன்.

உங்களுக்கு என்று யாராவது தீர்க்கதரிசனம் சொன்னால் அன்றைக்கே திகதி போட்டு, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14:29 சொல்கிறது. ஆகவே அந்தச் சபையைச் சேராத, மூத்த விசுவாசிகள் இரண்டு பேரிடம் காட்டுங்கள். ‘யாரிடமும் கதைக்காதே’ என்று சேர்த்துச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கலியாணம், வெளிநாட்டுப் பயணம், காணி விற்பது ஆகியவற்றை ஒரு தீர்க்கதரிசனத்தை மட்டும் நம்பி முடிவு செய்யவே வேண்டாம்.

காசு விஷயம் சுருக்கமானது. காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக் கணக்கு யார் பெயரில், காணி உறுதி யார் பெயரில் என்று கேளுங்கள். வருடக் கணக்கைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். தர்மப் பணத்தைக் கொண்டுபோகப் பவுலே தனியாகப் போகவில்லை, கூட ஆள் வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). கேட்டவருக்கு ‘கலகக்காரன்’ என்ற பெயர் கிடைத்தால், கணக்கைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது.

விலகுவது என்று முடிவெடுத்தால் நான்கு வரியில் ஒரு கடிதம் போதும். காரணங்களை வாட்ஸ்அப் குழுவில் எழுதி வாதாட வேண்டாம்; அங்கே நியாயம் கிடைக்காது. சரி, உங்களோடு கதைக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லப்படலாம். அப்படியிருந்தாலும் சிநேகிதிகளின் வீட்டுக்குப் போங்கள், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போங்கள். கதவைச் சாத்துகிறவர்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருப்பார்கள்.

மிரட்டலோ, பாலியல் தொந்தரவோ, பிள்ளைக்கு அடியோ என்றால் அது சபைக்குள் பேசித் தீர்க்கிற காரியம் இல்லை. இலங்கையில் பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கங்களை இன்றே போனில் போட்டு வையுங்கள்.