ஷேக்ஸ்பியர் பழைய பதிப்பு ஸ்கேன்ல படிக்கிறீங்களா? இதை கவனிங்க

1623ல வந்த ஃபர்ஸ்ட் ஃபோலியோ (ஷேக்ஸ்பியர் நாடகங்களோட பெரிய அளவுத் தொகுப்பு) 82 பிரதி வாஷிங்டன் ஃபோல்ஜர் லைப்ரரிலயே இருக்கு, ஸ்கேன் ஆன்லைன்ல இலவசம், நேர்ல போகணும்னு இல்ல. திறந்ததும் பாதி வார்த்தை தப்பா தெரியும், பயப்படாதீங்க, அந்தக் கால அச்சுல சொல்லோட முதல்லயும் நடுவுலயும் வர்ற எஸ் பார்க்க எஃப் மாதிரியே இருக்கும், குறுக்குக்கோடு வலப்பக்கம் தாண்டாம இருந்தா அது எஸ்தான். பழகிட்டீங்கன்னா 1603 ஹாம்லெட் குவார்டோவையும் (அந்த ஒரு நாடகம் மட்டும் இருக்கற சின்ன அளவு புத்தகம்) தேடிப் பாருங்க. உலகத்துல ரெண்டே பிரதி, ஒண்ணுல முதல் பக்கம் இல்ல, இன்னொண்ணுல கடைசிப் பக்கம் இல்ல (நெனச்சாலே பதறுது). 'டு பி ஆர் நாட் டு பி' வசனத்துல நமக்குத் தெரிஞ்ச 'தட் இஸ் த கொஸ்டின்' அதுல 'அய் தேர்ஸ் த பாயிண்ட்'னு இருக்கு, அதை அந்த பழைய அச்சுலயே பாருங்க!