பழைய கம்ப்யூட்டர் வாங்கினால் சுவிட்சைத் தட்ட அவசரப்படாதீர்கள்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஓடுமாண்ணே?" என்று கேட்டேன். "ஓடும் தம்பி, வயர்தான் இல்ல" என்றார் கடைக்காரர். வீட்டில் சும்மா கிடந்த மோடம் அடாப்டரில் 9 வோல்ட் என்று போட்டிருந்தது. ஸ்பெக்ட்ரமுக்கும் 9 வோல்ட்தான். செருகினேன், அன்றோடு அதன் கதை முடிந்தது. இப்போதைய அடாப்டர்களின் முனையில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ், ஸ்பெக்ட்ரமுக்கோ நடுவில் நெகட்டிவ். நான் வோல்ட்டை மட்டும்தான் பார்த்தேன்.

1982இல் வந்த கொமடோர் 64 கம்ப்யூட்டரில் ஆபத்து அதன் சொந்த பவர் சப்ளையிலேயே இருக்கிறது. செங்கல் மாதிரி கனக்கும் அந்தப் பெட்டி 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தரும். உள்ளே வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் மேலே ஏறி மெமரி சிப்புகளைத் தீர்த்துவிடும். மல்டிமீட்டரில் சரியாக 5 காட்டுகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. சும்மா இருக்கும்போது ஒழுங்காக இருப்பது, அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் எகிறலாம். பலவற்றில் உள்ளே எப்பாக்ஸி என்ற கெட்டிப் பசையை ஊற்றி இறுக்கியிருப்பதால் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. பழையதை அழகுக்கு வைத்துக்கொண்டு, இப்போது புதிதாகச் செய்து விற்கும் சப்ளையை வாங்குவதே என் கட்சி. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது என்றால் இன்னொன்று: அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் வருவது 230-240.

பிபிசி மைக்ரோ என்ற பழைய கம்ப்யூட்டரின் சப்ளையில் ரிஃபா என்ற பிராண்டு கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒளி ஊடுருவும் மஞ்சள் உறையில் மயிரிழை விரிசல்கள் தெரியும். அதன் வழியே ஈரம் இறங்கும். நம்மூர் காற்றுக்குச் சொல்லவா வேண்டும்! பிளக்கில் செருகிய சில நிமிடங்களில் டப்பென்று வெடித்து வீடெல்லாம் புகை. பவர் போடும் முன்பே கழற்றி, அதே அளவில், சுவர் மின்சாரத்துக்கென்றே செய்த எக்ஸ்2 வகையைப் போட்டுவிடுங்கள்.

மஞ்சளித்த உறையை பெராக்சைடு தடவி வெளுக்க வைப்பது கடைசி வேலை. அவசரமாக மொட்டை வெயிலில் வைத்தால் திட்டுத்திட்டாகிவிடும், அப்புறம் மஞ்சளே தேவலை என்றாகும்.

ஃபிளாப்பியைச் செருகும் முன் வட்டைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அது டிரைவில் வட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டினால் அடுத்துப் போடும் நல்ல வட்டும் கீறிப் போகும்.

அமிகா 500 பிளஸ் கம்ப்யூட்டரிலும், இன்டெல் 386 சிப் கொண்ட பழைய பிசி போர்டுகளிலும் உள்ள சின்ன நிக்கல் காட்மியம் பேட்டரியை முதல் நாளே வெட்டி எடுங்கள். ஏற்கெனவே கசிந்து பச்சை படர்ந்திருந்தால், குப்பையில் போடாமல் வெள்ளை வினிகரால் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பல போர்டுகள் பிழைக்கும். காயும் நேரத்தில் இன்டெல் சிப்புகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் 'மலேசியா' என்று இருக்கும். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இன்டெல் தொழிற்சாலை வந்ததே, அங்கிருந்து கப்பலேறிப் போனது சுற்றிவிட்டு உங்கள் மேசைக்கே வந்திருக்கலாம்.