புறநகர் கெஸ்ட் ஹவுஸில் தங்குவதற்கு முன்னும் தங்கும்போதும்

ஒரு குடும்பம் நடத்தும் நாலைந்து அறை கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் கிடையாது, இரவில் விழித்திருக்க ஆள் கிடையாது. கேட்டைத் திறப்பவர், படுக்கை விரிப்பவர், காலைச் சாப்பாடு வைப்பவர் எல்லாம் அந்த வீட்டு ஆட்கள்தான். அதிலும் ஊருக்கு வெளியே இருக்கிற வீடு என்றால், மறந்துபோன ஒன்றை ராத்திரி பத்து மணிக்கு வாங்கிவர அக்கம்பக்கத்தில் கடை இருக்காது. எனவே பாதி வேலையைக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும்.

ஆன்லைனில் புக் செய்திருந்தாலும் ஒரு தடவை போன் பண்ணிப் பேசுங்கள். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், அதற்கப்புறம் வந்தால் யார் திறப்பார், பாத்ரூம் அறையோடு சேர்ந்ததா பொதுவா, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் எதெல்லாம் ஓடும் என்று கேளுங்கள். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். "வெந்நீர் வருமா?" என்றால் "வரும்" என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். "கீசரா, சோலாரா, கேஸா? எத்தனை லிட்டர்?" என்று கேட்டால்தான் உங்களுக்கு உதவுகிற பதில் வரும்.

அடுத்தது தூரம். "நகர மையத்திலிருந்து 9 கிலோமீட்டர்" என்று புக்கிங் தளத்தில் போட்டிருப்பது பல சமயம் நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் சாலை வழியாக 14 கூட ஆகும். மேப்பில் பார்க்கும்போது நீங்கள் பயணம் செய்யப்போகிற கிழமையையும் நேரத்தையும் வைத்தே பாருங்கள். கடைசி பஸ் ஞாயிற்றுக்கிழமையில் சீக்கிரமே போய்விடக்கூடும். அதை வீட்டுக்காரரிடமே கேளுங்கள், தினமும் பார்க்கிறவர் அவர். நகரத்திலிருந்து வெளியே வர வாடகைக் கார் சுலபமாகக் கிடைத்துவிடும். சிக்கல் திரும்பும்போதுதான். விடியற்காலையில் அந்தப் பக்கம் சும்மா நிற்கிற வண்டி இருக்காது, காலியாக அவ்வளவு தூரம் ஓட்டிவர டிரைவர்கள் யோசிப்பார்கள். ஆப்பில் புக் செய்த கார் கேன்சல் ஆகிக்கொண்டே இருப்பது இதனால்தான். அதிகாலை ரயிலோ விமானமோ இருந்தால் முந்தைய நாள் மதியத்துக்குள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த டிரைவரைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

புது மனைப்பிரிவுகளில் கதவு எண்கள் வரிசையாக இருக்காது. மேப் புள்ளி பின் தெருவில் போய் விழுவதும் சகஜம். கேட் முன்னால் நின்று லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். கடைசி 200 மீட்டருக்கு வாய்வழி அடையாளமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்தால் சிக்னல் போனாலும் கவலையில்லை. வந்து சேரும் நேரத்தை உத்தேசமாகவாவது சொல்லுங்கள். தாமதமானால் உடனே ஒரு மெசேஜ் போடுங்கள், உங்களுக்காக ஒருவர் வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்கிறார்.

அறைக்குள் போனதும் பையைக் கட்டிலிலோ தரைவிரிப்பிலோ வைக்காதீர்கள். பாத்ரூமின் காய்ந்த தரையில் வைத்துவிட்டு, விரிப்பை நாலு மூலையிலும் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டிலின் தலைமாட்டுப் பலகை இடுக்கையும் போன் டார்ச்சில் பாருங்கள். பேனா முனையால் வைத்தது போன்ற கறுப்புப் புள்ளிகள் இருந்தால் ஈரத் துணியால் தொட்டுத் தேயுங்கள். மை போலப் பழுப்பாகக் கலைந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். போட்டோ எடுத்து அப்போதே சொல்லிவிடுங்கள். மாற்று அறை தந்தால் பக்கத்து அறை வேண்டாம், சுவர் விரிசல் வழியாகவும் ஸ்விட்ச் பெட்டி வழியாகவும் பூச்சி அங்கே போயிருக்கக்கூடும்.

கையோடு குழாய், ஃப்ளஷ், கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்து, குறை இருந்தால் பகலிலேயே சொல்லுங்கள். ராத்திரி பிளம்பர் வரமாட்டார்.

அதிக மனத்தாங்கல் வருவது வெந்நீர் விஷயத்தில்தான். கணக்குத் தெரிந்தால் சண்டை வராது. 15 லிட்டர் கீசர், 2000 வாட் என்றால், 25 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு வர ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும். அந்த 15 லிட்டரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் சுமார் 35 லிட்டர் கிடைக்கும். அதாவது பெரிய வாளியில் இரண்டு. மூன்றாவது ஆள் இன்னொரு 18 நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வேறு மாதிரி. 3000 வாட் என்றால் நிமிடத்துக்கு 3 லிட்டர் அளவுக்குத்தான் குளிக்கிற சூட்டில் தரும். குழாயை முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்புகூட வராது. மெல்லத் திறந்து வாளியில் பிடியுங்கள், 15 லிட்டர் நிரம்ப ஐந்து நிமிடம். சோலார் என்றால் மாலையில் நல்ல சூடு இருக்கும், நாள் முழுக்க மேகமாக இருந்தால் இருக்காது. மாடியிலிருந்து நீளக் குழாய் வருவதால் முதலில் சில லிட்டர் பச்சைத் தண்ணீர்தான் வரும். அதைக் கீழே விடாமல் வாளியில் பிடித்தால் கலப்பதற்கு ஆகும்.

கேஸ் கீசர் பாத்ரூமுக்கு உள்ளேயே மாட்டியிருந்தால், புகை வெளியே போகக் குழாய் இருக்கிறதா, காற்று வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அதைப் போடவே கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது, என்ன ஆகிறது என்று புரிவதற்குள் ஆள் விழுந்துவிடலாம். கூச்சப்படாமல் வேறு ஏற்பாடு கேளுங்கள்.

கீசர், ஏசி, மின்கெட்டில் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் 5000 வாட்டைத் தொடும். வீட்டு வயரிங்கில் எம்சிபி (சுமை கூடினால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்து பக்கத்து அறையும் இருண்டுவிடலாம். ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

ஊருக்கு வெளியே பல வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்காது, செப்டிக் டேங்க்தான். டாய்லெட்டில் வெட் டிஷ்யூ, நாப்கின் போட்டால் அவை கரையாது. அடைத்தால் மொத்த வீடும் நின்றுபோகும். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மேல் தொட்டி தீர்ந்தால் தண்ணீர் நின்றுவிடும். ராத்திரி ஒரு வாளி பிடித்து வையுங்கள். குடிக்கிற தண்ணீர் எது என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

வைஃபை ரவுட்டர் பெரும்பாலும் வீட்டுக்காரர் கூடத்தில் இருக்கும். சுவர் தாண்டி வர 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட 2.4 தேவலை.

காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். அங்கே சமைப்பது ஆளை எண்ணித்தான். கார்டு மெஷின் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கிளம்புவதாக இருந்தால் இரவே கணக்கை முடித்து ரசீது வாங்கிவிட்டு, சாவியை எங்கே வைப்பது, கேட்டை வெளியிலிருந்து எப்படிப் பூட்டுவது என்று அவர்கள் தூங்கப் போகும் முன் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.