கண்டாம் கஷாபோன் பொம்மைகள்: சேகரிக்கத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

ஜப்பானில் ரயில் நிலைய வாசல்களிலும் கடைவீதிகளிலும் கண்ணாடி முகப்புடன் அடுக்கடுக்காக நிற்கும் சிறு இயந்திரங்களைப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருகும்போது எழும் 'கஷா' என்ற ஓசையையும், உருண்டைக் கேப்சூல் கீழே வந்து விழும் 'போன்' என்ற ஓசையையும் சேர்த்துத்தான் இதற்குக் 'கஷாபோன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது பண்டாய் நிறுவனத்தின் வணிகப் பெயர். எல்லா நிறுவனங்களின் இயந்திரங்களையும் சேர்த்துச் சொல்வதானால் 'காச்சா' என்பார்கள். இந்த இயந்திரங்களில் கிடைக்கும் 'கண்டாம்' அனிமே ரோபோக்களின் குட்டிப் பொம்மைகளைச் சேகரிக்க விரும்புவோர் முதல் நாணயத்தைப் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகச் செய்தவருக்குப் பணமும் மிஞ்சும், பொம்மைகளும் பொருள்படச் சேரும் என்பது என் உறுதியான கருத்து.

சுருக்கமாகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து 1965-இல் ஜப்பானுக்கு வந்தன. அப்போது ஒரு திருகலுக்கு 10 யென். பண்டாய் 1977-இல் 100 யென் விலையில் இத்தொழிலில் இறங்கியது. யோஷியுகி டொமினோ இயக்க, குனியோ ஒகாவாரா ரோபோக்களை வடிவமைத்த 'மொபைல் சூட் கண்டாம்' தொடர் 1979 ஏப்ரல் 7 அன்று நகோயா தொலைக்காட்சி வழியே தொடங்கியது. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட அத்தொடரை 43 பகுதிகளோடு முடித்துக்கொள்ள நேர்ந்தது. எனினும் மறுஒளிபரப்பும், 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வெளிவந்த பிளாஸ்டிக் மாதிரிப் பொம்மைகளும் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. பெரிய தலையும் குட்டைக் கைகால்களுமாக அதே ரோபோக்களைச் சுருக்கி வரையும் 'எஸ்டி' ('சூப்பர் டிஃபார்ம்ட்') பாணி பின்னர் எழுந்தது. 1985 முதல் அந்தப் பாணிப் பொம்மைகள் கேப்சூலுக்குள் வரத் தொடங்கின.

முதற்படி: ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

கண்டாம் கேப்சூல் பொம்மைகள் நாற்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அனைத்தையும் சேர்க்க ஒருவரால் இயலாது. ஆகவே எதைச் சேர்க்கப் போகிறோம் என்பதோடு எதைச் சேர்க்கப் போவதில்லை என்பதையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அறிந்திருக்க வேண்டிய வரிசைகள் மூன்று.

முதலாவது, 1985 முதல் வந்த ஒற்றை நிற எஸ்டி பொம்மைகள். அழிப்பான் போலத் தோன்றுவதால் இவற்றைக் 'கன்கேஷி' என்பர். 'கேஷி' என்பது அழிப்பானைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. உண்மையில் இவை மென்மையான பிவிசியால் ஆனவை, எழுத்தை அழிக்க உதவாதவை. பழைய கன்கேஷியைப் பழம்பொருள் கடைகளில்தான் தேட வேண்டும். இரண்டாவது, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருகிய 'ஃபுல் கலர்' வரிசை. இதில் அதே எஸ்டி உருவங்கள் தொழிற்சாலையிலேயே வண்ணம் தீட்டப்பட்டு வந்தன. மூன்றாவது, 2016-இல் தொடங்கிய 'மொபைல் சூட் ஆன்சாம்பிள்'. 500 யென் விலையில் தொடங்கிய இவ்வரிசைப் பொம்மைகள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இவற்றின் கைகால்களைக் கழற்றி வேறொன்றோடு மாற்றிப் பூட்டலாம். ஆயுதங்கள் மட்டும் அடங்கிய கேப்சூலும் இதே வரிசையில் வருகிறது.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆன்சாம்பிளைத்தான். கன்கேஷியின் மீது எனக்குள்ள பற்று பெரிது. ஆனால் தொடக்கத்திலேயே அதில் இறங்குபவர் எது பழையது, எது பின்னாளில் மறுபடி அச்சிலிட்டு வார்க்கப்பட்டது என்று பிரித்தறியும் பயிற்சியில்லாமல் கூடுதல் விலை கொடுத்துவிடக்கூடும். ஆன்சாம்பிளிலும்கூட எல்லா வெளியீட்டு எண்களையும் தொடராமல், ஒரு தொடரின் ரோபோக்கள் மட்டும் அல்லது கதையில் எதிரிப் படையின் ரோபோவான ஸாக்கு வகை மட்டும் என்று எல்லை வகுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: முகப்பு அட்டையைப் படியுங்கள்

இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருக்கும் வண்ண அட்டையில் உங்களுக்குத் தேவையான செய்தி பெரும்பாலும் இருக்கிறது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் இரண்டு கான்ஜி எழுத்துகளுக்கு நடுவே ஓர் எண் நிற்பதைக் கண்டுபிடித்துவிடலாம். எடுத்துக்காட்டாக '全5種' என்றிருந்தால் 'ஸென் கோ ஷு' என்று அதைப் படிப்பார்கள். மொத்தம் 5 வகைகள் என்பது பொருள். அந்த எண்ணைப் படத்திலுள்ள பொம்மைகளோடு எண்ணிச் சரிபாருங்கள். எண்ணைவிடப் படங்கள் குறைந்தாலோ, ஓர் உருவம் கறுப்பு நிழலாக மட்டும் இருந்தாலோ அது 'சீக்ரெட்' எனப்படும் மறைவான வகையாக இருக்கலாம். படத்தில் காணும் துப்பாக்கியும் கேடயமும் எந்தக் கேப்சூலுக்குரியவை என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஆயுதத் தொகுப்பு தனி வகையாக இருக்கும்போது ரோபோவோடு அது சேர்ந்து வராது. அட்டையைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் கடைகளில் விடுபட்டதைத் தேட உதவும்.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். எனவே சற்று நிதானமாகவே சொல்கிறேன். ஐந்து வகைகள் சம அளவில் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்தே முறை திருகி ஐந்தும் வேறுவேறாக வருவதற்கான வாய்ப்பு 100-க்கு 4-ஐக்கூட எட்டாது. ஐந்தையும் முழுமையாகச் சேர்க்கச் சராசரியாக 11 அல்லது 12 முறை திருக வேண்டியிருக்கும். 500 யென் வீதம் அது ஏறத்தாழ 5,700 யென். முதல் பொம்மைக்கு ஒரே திருகல் போதும், எது வந்தாலும் அது புதியதே. நான்கு வகைகள் கையில் இருக்கும்போது ஐந்தாவதற்கு மட்டும் சராசரியாக ஐந்து திருகல்கள், அதாவது 2,500 யென் போய்விடும். அதே 2,500 யென்னைத் தொடக்கத்தில் செலவிட்டால் சராசரியாக மூன்றுக்குச் சற்று மேற்பட்ட வகைகள் கிடைக்கின்றன. ஓர் இயந்திரத்துக்குள் இருப்பவை எண்ணிக்கைக்கு உட்பட்ட கேப்சூல்கள். அவற்றில் சில வகை கூடவும் சில வகை குறையவும் இருக்கலாம். ஆதலால் இந்தக் கணக்கு மிகத் துல்லியமாகப் பொருந்தாது. செலவு எந்தப் பக்கம் சாயும் என்பதை அறிய இதுவே போதும்.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட முறை இது: எத்தனை வகைகளோ அத்தனை முறை மட்டுமே திருகுவேன். அதற்குமேல் விடுபட்டவற்றை மாற்றிக்கொள்ளவோ தனியாக வாங்கவோதான் முயல்வேன். வரம்பை இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு தீர்மானிக்காதீர்கள். 'இன்னும் ஒரு முறை' என்ற எண்ணம் அங்கே மிக வலுவாக இருக்கும். வீட்டிலேயே தீர்மானித்து அந்தத் தொகைக்குரிய நாணயங்களைத் தனிப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நான்காம் படி: இயந்திரத்தின் முன்

பெரும்பாலான இயந்திரங்கள் 100 யென் நாணயத்தை மட்டுமே ஏற்கின்றன. மின்னணு அட்டையை ஏற்பவையும் உண்டு. கடைகளில் நாணயம் மாற்றும் இயந்திரம் வைத்திருப்பார்கள். ஐந்து நாணயங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டபின் கைப்பிடியை வலப்பக்கமாக, அவசரமின்றி, கேப்சூல் விழும் வரை திருகுங்கள். இடையில் சிக்கிக்கொண்டால் இயந்திரத்தைத் தட்டவோ குலுக்கவோ வேண்டாம், பணியாளரை அழையுங்கள்.

தோக்கியோவில் இருப்பவர்களும் அங்கே செல்பவர்களும் இகெபுகுரோ சன்ஷைன் சிட்டியில் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கஷாபோன் பேரங்காடியைப் பார்க்கலாம். 3,010 இயந்திரங்கள் ஒரே இடத்தில் நின்றதற்காக அது கின்னஸ் சாதனையில் இடம்பெற்றது. அகிஹாபாராவிலுள்ள காச்சாபோன் கைகான் அதைவிட மிகச் சிறியது. முதல்முறை செல்பவருக்கு அந்தச் சிறிய இடமே மேல் என்பேன்; மூவாயிரம் இயந்திரங்களுக்கு நடுவே நீங்கள் வகுத்த எல்லை மறந்துபோக இடமுண்டு.

ஐந்தாம் படி: கேப்சூலைத் திறந்து சரிபாருங்கள்

ஒட்டியிருக்கும் நாடாவை உரித்து, இரு பாதிகளும் சேரும் விளிம்பைப் பக்கவாட்டில் அழுத்தினால் கேப்சூல் நெளிந்து திறந்துகொள்ளும். உள்ளே ஒரு பையில் உறுப்புகளும், நான்காக மடித்த சிறு தாளும் இருக்கும். அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். பூட்டும் முறையும் வரிசையின் முழுப் பட்டியலும் அதில்தான் இருக்கின்றன. பிற்காலத்தில் பொம்மையை மாற்றிக்கொள்ள முற்படும்போது தாளோடு இருப்பதற்கே மதிப்பு. படத்தைப் பார்த்து உறுப்புகளை எண்ணிவிட்டு, பிறகே வெறும் கேப்சூலைக் கடையிலுள்ள சேகரிப்புத் தொட்டியில் போடுங்கள். அரிசிமணி அளவு உறுப்பொன்று கேப்சூலின் மூலையில் தங்கிப்போவது உண்டு.

பூட்டியபின் அவசரப்பட்டு எடுத்து வைக்காமல் சற்று நேரம் கையில் வைத்துப் பாருங்கள். ஸாக்குவை எடுத்துக்கொள்வோம். தலையின் குறுக்கே ஓடும் கறுப்புப் பள்ளத்துக்குள் ஒரே ஒரு கண், ஊசிமுனையால் தொட்டு வைத்தாற்போன்ற இளஞ்சிவப்புப் புள்ளி. இடத் தோளில் முள்கள் கொண்ட குமிழ். வலத் தோளில் வளைந்த கேடயம். வாய்ப்பகுதியிலிருந்து கன்னத்தைச் சுற்றிப் பின்னால் செல்லும் குழாயின் வளையங்களைக்கூட அந்த அளவில் வார்த்திருப்பார்கள். கதையில் 17.5 மீட்டர் உயரமுள்ள ஓர் இயந்திரத்தை விரல் உயரத்துக்குக் கொண்டுவரும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று வார்ப்பவர் ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்திருக்கிறார். இந்தச் சேகரிப்பில் என்னை ஆண்டுக்கணக்காகப் பிடித்து வைத்திருப்பது அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சிதான்.

கதையில் எதிரிப் படையின் புகழ்பெற்ற வீரரான ஷாரின் செந்நிற ஸாக்குவுக்கு நெற்றியில் ஒரு கொம்பு உண்டு. மென்பிளாஸ்டிக்கில் வார்த்த இத்தகைய மெல்லிய பாகங்களும் துப்பாக்கிக் குழல்களும் கேப்சூலுக்குள் அழுந்தி வளைந்து வருவது வழக்கம். வளைந்ததைக் கையால் நேர்ப்படுத்த முயன்றால் வெளுத்த கோடு விழும், அல்லது ஒடிந்துவிடும். கை பொறுக்காத அளவு சூடான, ஆனால் கொதிக்காத நீரில் அந்த உறுப்பை இடுக்கியால் பிடித்துச் சில நொடிகள் ஆழ்த்துங்கள். இளகியதும் நேராக்கி, அதே நிலையில் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அப்படியே நின்றுவிடும். ஒரே தடவையில் முழுவதும் நிமிராவிட்டால் மறுபடி செய்யலாம்.

ஆறாம் படி: இரட்டைகளும் விடுபட்டவையும்

ஒரே பொம்மை இரண்டாம் முறை வந்தால் அதை 'டபுரி' என்பர். வரிசை முழுமையானால் 'கொம்ப்பு'. இரட்டை வந்ததற்கு வருந்த வேண்டியதில்லை. படைவீரர்களுக்குரிய சாதாரண ஸாக்கு மூன்று நான்கு சேர்ந்து நின்றால்தான் படையாகத் தோன்றும். ஆன்சாம்பிளில் இரட்டையின் கைகளை வேறொன்றுக்குப் பூட்டியும் பார்க்கலாம். நாயக ரோபோவின் இரட்டையைச் சக சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

விடுபட்டதைத் தனியாக வாங்கத் தோக்கியோவின் நகானோ பிராட்வே கட்டடம் ஏற்ற இடம். 1980-இல் அங்கே தொடங்கிய, பழைய காமிக்ஸும் பொம்மைகளும் விற்கும் மண்டராகே நிறுவனத்தின் பல கடைகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. அகிஹாபாராவில் கண்ணாடிப் பெட்டிகளைத் தனிநபர்கள் வாடகைக்கு எடுத்துப் பொம்மைகளை விற்பனைக்கு வைக்கும் கடைகள் உண்டு. ஒரே பொம்மைக்கு அடுத்தடுத்த பெட்டிகளில் வேறுவேறு விலை ஒட்டியிருக்கும், ஆகவே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தபின் வாங்குங்கள். பழைய கன்கேஷி வாங்குவதானால் பொம்மையைத் திருப்பி, முதுகிலோ காலடியிலோ உரிமைக் குறி பொறித்திருக்கிறதா, அதன் எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அசலை அச்செடுத்து மறுபடி வார்த்த போலிகளில் எழுத்தின் விளிம்புகள் மழுங்கியிருக்கும்.

ஏழாம் படி: பாதுகாத்தல்

நான் பட்ட ஓர் இழப்பைச் சொன்னால் இந்தப் படியின் அவசியம் புரியும். பழைய கன்கேஷி சிலவற்றை, கண்ணாடி போலத் தெளிவாக இருந்த கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் நேரடியாக அடுக்கி மூடி வைத்திருந்தேன். ஒரு கோடைக்குப் பின் திறந்தபோது பொம்மைகளின் அடிப்பாகம் பெட்டியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தெடுத்த இடங்களில் பெட்டியின் தரை உருகியதுபோல் குழிந்திருந்தது. மென்மையான பிவிசிக்குள் அதை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருளொன்று கலந்திருக்கிறது. நாளடைவில் அது மேற்பரப்புக்குக் கசிந்து, பாலிஸ்டைரீன் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். வெப்பம் கூடக் கூட இது விரைவாக நடக்கும்.

ஆகவே பிவிசி பொம்மைகளைப் பாலிஸ்டைரீன் பெட்டியிலும் பிளாஸ்டிக் மாதிரி ரோபோக்களின் மீதும் நேரடியாகப் படவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் பையில் தனித்தனியே இட்டு, பிறகு பெட்டியில் வையுங்கள். வெண்ணிறப் பாகங்கள் வெயிலில் மஞ்சளாகும் என்பதால் சன்னல் ஓரத்தைத் தவிர்க்கவும். ஏற்கெனவே பிசுபிசுப்பு ஏறியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு மென்மையான பல்துலக்கியால் கழுவலாம். வண்ணம் தீட்டிய பொம்மையை அழுத்தித் தேய்க்கக் கூடாது.

பைக்குள் பொம்மையோடு அதன் மடிப்புத் தாளையும் வைத்து, பையின் மேல் வரிசைப் பெயர், எண், கிடைத்த இடம், தேதி, கொடுத்த விலை ஆகியவற்றைச் சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். அதே விவரங்களை ஒரு குறிப்பேட்டிலும் எழுதி, விடுபட்ட வகைகளுக்குரிய வரிகளை வெற்றாக விட்டு வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.