கட்டுரையை அனுப்பும் முன் இதழின் கொள்கையைப் படித்துவிடுங்கள்

கண்மாய் ஒன்றில் இரண்டு வருடம் தண்ணீர் மாதிரி எடுத்த மாணவி ஒருவர், ஒரே ஆய்வுக் கட்டுரையை ஒரே வாரத்தில் இரண்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பிவிட்டார். எது முதலில் பதில் தருகிறதோ அதில் வரட்டும் என்ற அவசரம். மதுரைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி மதிப்பிடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கட்டுரையைப் படித்து இதழுக்குக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளர் ஒருவரிடமே இரண்டும் போய்ச் சேர்ந்தன. ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பியது தெரிந்ததும் இரண்டு இதழ்களுமே மறுத்துவிட்டன. ஓர் இதழிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு அனுப்ப வேண்டுமானால், திரும்பப் பெறுவதாக எழுதி, அவர்கள் அதை உறுதி செய்த பிறகுதான் அனுப்ப வேண்டும்.

அடுத்த தவறு பணத்தில். ஓப்பன் ஆக்சஸ் எனப்படும் திறந்த அணுக்க இதழை வாசகர் காசில்லாமல் படிக்கலாம். எழுதியவரிடம் பல இதழ்கள் கட்டணம் வாங்குகின்றன. இந்தியா என்பதால் தானாகத் தள்ளுபடி கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். பெரிய பதிப்பகங்கள் பலவற்றின் தள்ளுபடிப் பட்டியலில் நாம் இல்லை. சலுகை கேட்பதென்றால் அனுப்பும்போதே கேளுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பல இதழ்கள் செவிசாய்ப்பதில்லை. இருபக்கமும் கட்டணமில்லாத இதழ்களும் உண்டு. 2003 முதல் இயங்கும் டிஓஏஜே என்ற திறந்த இதழ்களின் அடைவில் அவற்றைப் பிரித்துத் தேடலாம். இதழ்களை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது மட்டும் தரத்துக்குச் சான்று ஆகாது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2025 பிப்ரவரியில் ஏற்கத்தக்க இதழ்களைச் சொல்லிவந்த கேர் பட்டியலைக் கைவிட்டுவிட்டது. ஐந்து நாளில் கட்டுரையை ஏற்றுவிடுகிறோம் என்று ஓர் இதழிலிருந்து மெயில் வந்தால் பதிலே போட வேண்டாம்.

எனக்கு அதிகம் மனம் வலிப்பது உரிமம் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். உங்கள் கட்டுரையை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பல வகை உண்டு. 'மாற்றி அமைக்கக் கூடாது' என்ற நிபந்தனை உள்ளதைப் பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் டிக் செய்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பும் மாற்றி அமைப்பதுதான். வண்டியூர்க் கண்மாயில் கழிவுநீர் கலப்பதைப் பற்றி நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதைக் கரையோரத்தில் இருப்பவர்களுக்காக ஒருவர் தமிழில் வெளியிட நினைத்தால், அவர் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பதிப்பகத்துக்கு முழு வெளியீட்டு உரிமையையும் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களே அவர்களிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்கிற சிசி பை உரிமத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஊர்த் தண்ணீரைப் பற்றிய ஆய்வு ஊர் மொழியில் வரத் தடையாக நாமே கையெழுத்துப் போடலாமா?

படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். வேறொரு கட்டுரையில் இருந்த வைகை வடிநில வரைபடத்தை எடுத்துப் போட்டு, கீழே நன்றி என்று எழுதினால் போதாது. உங்கள் கட்டுரையின் உரிமத்தில் அதை வெளியிட, உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி தேவை. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நீங்களே வரைந்துவிடுங்கள். ஒரு வாரம் பழகினால் வந்துவிடும்.

அப்புறம், தரவு. 'கேட்டால் தருவோம்' என்ற ஒரு வரியை இப்போது பல இதழ்கள் ஏற்பதில்லை. ஸெனோடோ போன்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் போட்டு, அங்கே கிடைக்கும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைத் தரச் சொல்கிறார்கள். தண்ணீரின் காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் அளவுகளை எல்லாம் தாராளமாகத் திறந்து வையுங்கள். உயிரினங்கள் இருக்கும் இடத்தை அப்படி வைக்கக் கூடாது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் தேவாங்கும் அலுங்கு என்கிற எறும்புத்தின்னியும் உண்டு, லகர் வல்லூறும் உண்டு. ஒரு அலுங்கு வளையின் துல்லியமான ஜிபிஎஸ் புள்ளியைக் காசில்லாமல் உலகம் முழுக்கத் திறந்துவிட்டால், வேட்டைக்காரருக்கு வழி காட்டியது போல் ஆகிவிடும். இப்படிப்பட்ட இனங்களுக்கு இடத்தைத் தோராயமாக்கித் தரலாம். ஆனால் அப்படிச் செய்திருப்பதையும் அதற்கான காரணத்தையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். காப்புக்காட்டில் வேலை செய்திருந்தால் வனத்துறை அனுமதி எண்ணும் கையில் இருக்கட்டும்.

ஆசிரியர் பட்டியலில் மரியாதைக்காகத் துறைத்தலைவர் பெயரைச் சேர்ப்பது தவறு. வேலை செய்த இளையவரை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. சாட்ஜிபிடி போன்ற கருவிகளை ஆசிரியராகப் போட முடியாது. பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும். மடை எப்போது திறக்கும், எந்த மூலையில் கழிவு வந்து சேரும் என்று உங்களுக்குக் காட்டிக் கொடுத்த நீர்பாய்ச்சியின் பெயர் நன்றிப் பகுதியில் இருக்க வேண்டும். பெயரைப் போடலாமா என்று முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.