மோர்மன் சரித்திரப் படங்கள் கல்லா கட்டாதது ஏன்? கணக்கில் நிகழும் தவறுகள்

கதை என்று பார்த்தால் மோர்மன்களிடம் பஞ்சமே இல்லை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் தொடங்கிய மதச் சபையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். மிசூரி, இல்லினாய் என்று போன இடமெல்லாம் விரட்டினார்கள். 1844இல் சிறைக்குள் புகுந்த கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங் மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மலையும் பாலையும் கடந்து 1847 ஜூலையில் இன்றைய யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். மாட்டு வண்டி, பனிப்புயல், பலதார மணம், படுகொலை என்று ஒரு சரித்திரப் படத்துக்கு வேண்டியதெல்லாம் இதில் உண்டு. ஆனால் இந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

காரணம் கேட்டால், மதப் படத்தை யார் பார்ப்பார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தவறான பதில். ஏசுவின் கடைசி நேரங்களை வைத்து மெல் கிப்சன் 2004இல் எடுத்த படம் 3 கோடி டாலர் செலவில் உருவாகி உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. மோர்மன் படங்களின் சிக்கல் பக்தியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எந்தச் சின்ன சமூகத்தின் வரலாற்றைப் படமாக்க நினைப்பவரும் இதே பள்ளத்தில் விழலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தலையை எண்ணி டிக்கெட் என்று நினைப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். சபையின் உறுப்பினர் எண்ணிக்கை இன்று 1 கோடியே 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதில் பத்தில் ஒருவர் வந்தாலே படம் தப்பிவிடும் என்று ஒரு தயாரிப்பாளர் மனக்கணக்குப் போடுவது இயற்கை. ஆனால் அந்த உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறார்கள். பிரேசிலிலும் மெக்சிகோவிலும் பிலிப்பைன்சிலும் இருப்பவர்களுக்கு இந்தப் படம் தியேட்டருக்கு வரப்போவதில்லை. அமெரிக்காவுக்குள்ளேயும் ஒரு தியேட்டரை நிரப்பும் அளவுக்கு அவர்கள் அடர்த்தியாக வாழ்வது யூட்டாவிலும், பக்கத்து ஐடஹோ, அரிசோனாவின் சில பகுதிகளிலும்தான். போதாததற்கு, பதிவேட்டில் பெயர் இருந்தும் ஆண்டுக்கணக்கில் சபைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

இன்னொரு விஷயத்தை வெளியூர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. பக்தியுள்ள மோர்மன் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகாது. அது ஓய்வு நாள். முதல் வார இறுதி வசூல்தான் படத்தின் தலையெழுத்து என்றிருக்கும் அமெரிக்க வியாபாரத்தில், மூன்று நாளில் ஒரு நாள் அப்படியே கழன்றுவிடுகிறது. மீதி இரண்டு நாளில் ஹாலிவுட்டின் பெரிய படங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். இரண்டாவது வாரம் தியேட்டர்காரர் படத்தைத் தூக்கினால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு நல்ல உதாரணம் 'த வொர்க் அண்ட் த குளோரி'. ஜெரால்ட் லண்ட் எழுதிய ஒன்பது தொகுதி நாவல் வரிசை அது. ஸ்டீட் என்ற கற்பனைக் குடும்பத்தின் வழியாக சபையின் ஆரம்பக் காலத்தைச் சொல்வது. யூட்டாவில் அந்தப் புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றன. அதைப் படமாக்கப் பணம் போட்டவர் லாரி மில்லர். அப்போது யூட்டா ஜாஸ் கூடைப்பந்து அணி அவருடையது, கார் ஷோரூம்கள் அவருடையவை, யூட்டாவில் ஒரு தியேட்டர் குழுமமே அவருடையது. புத்தகம் கையில், பணம் கையில், தியேட்டரும் கையில். இதைவிடச் சாதகமான ஆரம்பம் ஒரு சமூகப் படத்துக்கு அமையாது. 2004இல் வந்த முதல் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 75 லட்சம் டாலர். வசூல் சுமார் 33 லட்சம். 2005இல் வந்த இரண்டாம் பாகம் 20 லட்சத்தை ஒட்டி நின்றது. 2006இல் வந்த மூன்றாம் பாகம் அதற்கும் கீழே போனது. ஒன்பது தொகுதிகள் இருந்தும் படங்கள் மூன்றோடு நின்றன.

புத்தகம் வாங்கியவர்கள் எல்லாரும் டிக்கெட் வாங்குவார்கள் என்று நம்பியதோடு, முதல் பாகத்துக்கு வராதவர் இரண்டாம் பாகத்துக்கு வருவார் என்றும் நம்பியிருக்கிறார்கள். தொடர் படங்களில் கூட்டம் கரையத்தான் செய்யும். முதல் கூட்டமே போதாதபோது கரைய என்ன இருக்கிறது?

வசூலைப் பார்த்து லாபம் என்று எழுதுவது

இது எழுதுகிறவர்கள் செய்யும் தவறு. 2003இல் மோர்மன் வேதநூலையே படமாக்கி, 'முதல் தொகுதி' என்று பெயரில் போட்டு வெளியிட்டார்கள். வசூல் சுமார் 17 லட்சம் டாலர், செலவும் ஏறக்குறைய அதே அளவு. அசல் வந்துவிட்டதே என்று தோன்றும். வரவில்லை. டிக்கெட் விற்ற பணத்தில் ஏறத்தாழ பாதி தியேட்டருக்கு. மீதியில் விநியோகஸ்தரின் கமிஷன், விளம்பரம், அந்தக் காலத்தில் ஒவ்வொரு திரைக்கும் ஆயிரம் டாலருக்கு மேல் ஆன பிலிம் பிரிண்ட். இதெல்லாம் போய்த் தயாரிப்பாளர் கைக்கு வருவது என்ன என்பதுதான் கேள்வி. இரண்டாம் தொகுதி இன்றுவரை வரவில்லை.

சும்மா கிடைப்பதை மறந்துவிடுவது

மோர்மன் சரித்திரப் படத்துக்குப் பெரிய போட்டி ஹாலிவுட்டா? என் கணிப்பில் இல்லை. சபையேதான் போட்டி.

சால்ட் லேக் சிட்டியில் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் ஹோட்டல் யூட்டா என்று ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது. 1993இல் சபை அதை ஜோசப் ஸ்மித் நினைவுக் கட்டடமாக மாற்றி, உள்ளே லெகசி தியேட்டர் என்று ஒரு பெரிய திரையரங்கையும் அமைத்தது. அங்கே 70 எம்எம்மில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடும் 'லெகசி' என்ற படத்தைத் திரையிட்டார்கள். மிசூரியின் கொடுமைகள், ஊரைவிட்டுக் கிளம்பும் குடும்பங்கள், மேற்கு நோக்கிய பயணம் எல்லாம் அதில் உண்டு. டிக்கெட் இலவசம். கோவில் பார்க்க வந்த குடும்பம் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆண்டுக்கணக்கில் ஓடியது. பிறகு 2000இல் வேறொரு படம், 2005இல் ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கையைச் சொல்லும் படம், எல்லாமே இலவசம்.

சபையின் காசில், பெரிய திரையில், நல்ல தரத்தில் ஒரு பைசா செலவில்லாமல் பார்த்த அதே வரலாற்றைத் தனியார் ஒருவர் டிக்கெட் போட்டுக் காட்டினால், புதிதாக என்ன தருகிறீர்கள் என்றுதானே கேட்பார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்த படங்கள் குறைவு. ஸ்மித்தின் வாழ்க்கையை அலங்காரம் இல்லாமல் எடுக்க விரும்பிய ரிச்சர்ட் டட்சர் பல ஆண்டுகள் முயன்றும் பணம் திரட்ட முடியவில்லை. 2007இல் அவர் சபையைவிட்டே விலகிவிட்டார். படம் எடுக்கப்படவே இல்லை.

இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பது

1940இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் பிரிகாம் யங்கைப் பற்றிப் பெரும் செலவில் படம் எடுத்தது. சால்ட் லேக் சிட்டியில் ஒரே நாளில் ஏழு தியேட்டர்களில் முதல் காட்சி; ஊரே திருவிழாவானது. சபைத் தலைவரே பாராட்டினார். மற்ற ஊர்களில் அந்தச் சூடு இல்லை, படம் நஷ்டத்தில் முடிந்தது. விளம்பரத்தில் முதல் பெயர் டைரோன் பவர், ஆனால் அவர் நடித்தது ஒரு கற்பனை இளைஞன் பாத்திரம். பிரிகாம் யங்காக நடித்தவர் டீன் ஜாகர். (அவர் பல ஆண்டுகள் கழித்து, 1972இல், நிஜமாகவே மோர்மன் சபையில் சேர்ந்தார்.) காதல் படம் பார்க்க வந்தவருக்கு மதத் தலைவரின் பயணம் கிடைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மனைவிகள் கொண்ட மனிதரைப் பற்றிய பரபரப்புக்காக வந்தவருக்கு, அந்த விஷயத்தை நாசூக்காகத் தாண்டிப்போகும் படம் கிடைத்தது.

எதிர்ப்பக்கம் போனாலும் கதை இதுதான். 1857 செப்டம்பர் 11 அன்று யூட்டாவின் மவுன்டன் மெடோஸ் என்ற இடத்தில், கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சுமார் 120 பேரை மோர்மன் குடிப்படையினர் கொன்றார்கள். அமெரிக்க வரலாற்றின் இருண்ட பக்கங்களில் ஒன்று. இதை வைத்து ஜான் வோய்ட் நடிப்பில் 2007இல் வந்த 'செப்டம்பர் டான்' படத்துக்கு ஆன செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். வசூல் சுமார் 11 லட்சம். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. மோர்மன்கள் வரமாட்டார்கள் என்பது தெரிந்ததே. மற்றவர்களில் பலருக்கு அந்தச் சம்பவமே தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றிக் கோபப்பட ஆள் திரட்ட முடியுமா? அதோடு, மோர்மன் தலைவர்கள் எல்லாரையும் முழு வில்லன்களாக்கியதில் நடுநிலைப் பார்வையாளரும் நெளிந்தார்.

எல்லாமே தோல்வி என்று எழுதிவிடுவது

இதுவும் தவறுதான். டட்சர் 2000இல் எடுத்த 'காட்ஸ் ஆர்மி' 3 லட்சம் டாலர் செலவில் 26 லட்சம் வசூலித்தது. ஆனால் அது சமகாலக் கதை: வெள்ளைச் சட்டை, டை கட்டிய இளம் மதப் பிரசாரகர்கள் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கதவு தட்டுகிறார்கள், அவ்வளவுதான். சரித்திர உடை வேண்டாம், வண்டி வேண்டாம், 1840களின் தெரு போட வேண்டாம். இந்த வெற்றி ஒரு சந்தை இருப்பதைக் காட்டியது உண்மை. அந்தச் சந்தையின் அளவையும் காட்டியது, அதைத்தான் பின்னால் வந்தவர்கள் கவனிக்கவில்லை. ஒரு இருபது முப்பது லட்சம் டாலர் தரும் கிணற்றில் 75 லட்சத்தை இறைக்கப் பார்த்தார்கள்.

சரித்திரத்தை எடுத்தும் தப்பியவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரை வைத்து ரயன் லிட்டில் எடுத்த 'செயின்ட்ஸ் அண்ட் சோல்ஜர்ஸ்' பத்து லட்சம் டாலருக்குள் செலவை முடித்து, 13 லட்சம் வரை வசூலித்தது. தியேட்டர் பங்கைக் கழித்தால் அதுவும் பெரிய லாபம் அல்ல. வீட்டுத் திரையில் பிழைத்து, பின்னால் இரண்டு படங்கள் அதே பெயரில் வந்தன. கதாநாயகன் மோர்மன்தான், ஆனால் படத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்கு அது ஒரு போர்ப் படம்.

டி.சி. கிறிஸ்டென்சன் வேறு வழியில் போனார். முன்பு சொன்ன 2005 இலவசப் படத்தை இணைந்து இயக்கியவர் அவர். 1856இல் கைவண்டி இழுத்துக்கொண்டு யூட்டாவுக்குத் தாமதமாகக் கிளம்பிய இரண்டு மோர்மன் குழுக்கள் வயோமிங் பனியில் மாட்டி இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மோர்மன் வீட்டுப் பிள்ளைகள் கோடையில் அந்தக் காலத்து உடை போட்டுக் கைவண்டி இழுத்து இந்தப் பயணத்தை நடித்தே பார்ப்பார்கள். வண்டி இழுத்து முதுகு வலித்தவர்களுக்கென்றே அவர் 2011இல் '17 மிராக்கிள்ஸ்' எடுத்தார். வெளியாரைக் கவரும் ஆசை இல்லாமல், சொந்த ஊர் தாங்கும் அளவுக்கு மட்டும் செலவு செய்தார். இன்றுவரை அவர் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம் என்பேன்.

கடைசியாக ஒன்று. 2021இல் வந்த 'விட்னசஸ்', 2024இல் வந்த 'சிக்ஸ் டேஸ் இன் ஆகஸ்ட்' போன்ற படங்களைத் தயாரித்தது இன்டர்ப்ரிட்டர் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. நன்கொடையில் எடுத்த படத்தையும் முதலீட்டாளரிடம் கடன்பட்டு எடுத்த படத்தையும் ஒரே பட்டியலில் வைத்து 'ஃப்ளாப்' என்று எழுதுவது சரியல்ல. மில்லரின் மூன்று படங்களுக்கு அந்த வார்த்தை பொருந்தும். இவற்றுக்குப் பொருந்துமா என்பதை, பணம் கொடுத்தவர் எதை எதிர்பார்த்துக் கொடுத்தார் என்று தெரிந்தபின் முடிவு செய்யலாம்.